வேன் வண்டியில் தொலைநோக்கியை ஏற்றிச் சென்று பொதுமக்களுக்கு வானம் காட்டுவது: அனுபவமுள்ளவர்களிடம் சில கேள்விகள்

வான்வழி:

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாக வீட்டு மாடியில் ஒரு 200 மி.மீ. டாப்சோனியன் தொலைநோக்கியை (200 மி.மீ. விட்டமுள்ள குழியாடி ஒளியைக் குவிக்கும், கையால் தள்ளித் திருப்பும் வகை) வைத்து வானம் பார்த்து வருகிறேன். சென்ற ஆண்டு வரை யாருக்கும் எதையும் காட்டியதில்லை. ஒருநாள் இரவு பக்கத்து வீட்டுச் சிறுமி மாடிக்கு வந்து, என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். சனிக் கோளைக் காட்டினேன். கண் வைத்துப் பார்க்கும் வில்லையான ஐபீஸில் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தலையை எடுத்து, குழாய் எந்தப் பக்கம் நோக்கியிருந்ததோ அந்தப் பக்கம் வெறுங்கண்ணால் பார்த்தாள். மறுபடியும் ஐபீஸுக்கு வந்தாள். அங்கே இருக்கும் புள்ளியும் இங்கே தெரியும் வளையமும் ஒன்றுதானா என்று யாரும் சொல்லித்தராமல் அவளே சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இதைத்தான் இனி செய்ய வேண்டும் என்று அன்றிரவே எனக்குத் தோன்றிவிட்டது.

இப்போது பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றி வைத்திருக்கிறேன். வாரக்கடைசிகளில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சென்று, மாலையில் தொலைநோக்கியை இறக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் வானம் காட்டிவிட்டு, வேனிலேயே உறங்கித் திரும்புவது என் திட்டம். கட்டணம் எதுவும் வாங்கப்போவதில்லை. இதில் எனக்குத் தெரியாதவை நிறைய இருக்கின்றன. கையில் இருக்கும் 200 மி.மீ. கருவி போதுமா அல்லது இன்னும் பெரியதாக ஒன்று வேண்டுமா? ஓடும் வண்டியில் ஆடிகள் என்ன பாடுபடும்? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் நடமாட்டம் உள்ள வெளிச்சமான இடத்தில் நிறுத்துவதா, இருண்ட வெளியைத் தேடிப் போய் மக்களை அங்கே வரச்சொல்வதா என்பதை என்னால் முடிவுசெய்யவே இயலவில்லை. செய்து பார்த்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஆடி:

வாழ்த்துகள். உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தவை. மக்கள் இருக்கும் இடத்துக்கே போங்கள்.

நீங்கள் வைத்திருக்கும் கருவிக்குப் பெயர் கொடுத்த ஜான் டாப்சன் அப்படித்தான் செய்தார். அவர் வேதாந்த மடம் ஒன்றில் துறவியாக இருந்தபோது, கழித்துப்போட்ட கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்யக் கற்றுக்கொண்டார். 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் இளைஞர்கள் சிலருடன் சேர்ந்து நடைபாதை வானியலாளர்கள் என்ற குழுவைத் தொடங்கினார். அட்டைக்குழாயும் ஒட்டுப்பலகையும் கொண்டு செய்த தொலைநோக்கியை நடைபாதையில் நிறுத்தி, போகிறவர் வருகிறவரை அழைத்து நிலாவைக் காட்டினார். பிற்பாடு 600 மி.மீ. அளவுள்ள மிகப்பெரிய கருவியையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு அந்நாட்டின் தேசியப் பூங்காக்களுக்குப் போனார்கள். நீங்கள் வேனில் செய்ய நினைப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட முன்வரலாறு உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். நிலாவும் வியாழனும் சனியும் தெருவிளக்குக்கு அஞ்சுவதில்லை. விளக்குக் கம்பத்தின் நேர்ப்பார்வையிலிருந்து பத்தடி தள்ளி, ஒரு சுவரின் நிழலில் நின்றால் போதும்.

இருண்ட இடத்துக்கு வாருங்கள் என்று அழைத்தால் யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள் வருவார்கள். வாகனம் வைத்திருப்பவர்கள் வருவார்கள். வேலை முடிந்து நடந்து செல்லும் ஒருவர், வானத்தைப் பற்றி அன்றைக்கு ஒரு கணமும் நினைத்திராதவர், அங்கே வரமாட்டார். அவருக்காகத்தான் வண்டியைக் கிளப்புகிறோம் என்று நான் நினைக்கிறேன்.

கருவியைப் பொறுத்தவரை 200 மி.மீ. தாராளம். நீங்கள் ஒருவரே தூக்கி இறக்கக்கூடிய கருவிதான் வாரந்தோறும் வெளியே வரும்.

மெல்லொளி:

பழைய ஆடி ஐயா சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு.

2016இல் வெளியான உலகச் செயற்கை வானொளி வரைபடத்தின்படி, உலக மக்களில் மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் தாங்கள் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது. பிறந்தது முதல் ஒருமுறைகூடப் பார்க்காத பெரியவர்களை நானே சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு நகரத்து நடைபாதையில் நிலாவைக் காட்டுவது நல்ல செயல்தான். ஆனால் நிலா எப்போதும் அவர்களிடம் இருந்தது. அவர்கள் இழந்திருப்பது பால்வீதியை. அதைக் காட்டுவதற்குத் தொலைநோக்கியே தேவையில்லை, இருட்டுதான் தேவை. அந்த இருட்டுக்கு மனிதர்களைக் கொண்டுசேர்க்கும் வசதி வேன் வைத்திருப்பவரிடம் இருக்கிறது என்பதை வான்வழி அவர்கள் மறந்துவிடக் கூடாது. கருவியை ஏற்றும் வண்டியில் மனிதர்களையும் ஏற்றலாம்.

இன்னொன்றும் உண்டு. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். நடைபாதையில் நிற்பவர் அரை நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இருண்ட வெளியில் அரை மணி நேரம் காத்திருப்பவருக்கு வானம் சிறுகச் சிறுகத் திறக்கிறது. முதலில் சப்தரிஷி மண்டலம், பிறகு அதில் வசிட்டரின் பக்கத்தில் அருந்ததி, பிறகு இதுவரை வெறும் கறுப்பாக இருந்த இடங்களில் எண்ணமுடியாத விண்மீன்கள். அந்தக் காத்திருப்பை நான் வானத்தின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன். முப்பது நொடிக் காட்சியால் அதை ஈடுசெய்ய முடியாது.

பழைய ஆடி:

அம்மா, நீங்கள் சொல்லும் அந்த அரை மணி நேரத்தை நான் மறுக்கவில்லை. என் வாழ்வின் சிறந்த இரவுகள் அப்படிப்பட்டவைதாம். ஆனால் எந்த ஆளும் நேராக அந்த அரை மணி நேரத்துக்கு வந்துவிடுவதில்லை. நடைபாதையில் சனியைப் பார்த்தவர்தான் அடுத்த மாதம் உங்கள் வேனில் ஏறுவார்.

நான்கு சக்கரம்:

எங்கே நிறுத்துவது என்பதைப் பெரியவர்கள் பேசட்டும். நிறுத்தும் இடம் வரை கருவி பத்திரமாகப் போய்ச்சேர வேண்டும் என்பது என் கவலை. ஆறு ஆண்டுகளாக ஒரு வேனில் 250 மி.மீ. டாப்சோனியனும், ஆடிக்குப் பதில் வில்லை கொண்ட ஒரு சிறிய ஒளிவிலகல் தொலைநோக்கியும் வைத்துச் சுற்றுகிறேன், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

குழாயைப் படுக்கவைத்துக் கொண்டுசெல்லுங்கள். வண்டியின் நீளவாக்கில், ஆடி இருக்கும் கனமான முனை ஓட்டுநர் பக்கம் இருக்கும்படி வைத்தால், திடீரென்று பிரேக் பிடிக்கும்போது அந்தக் கனம் ஓடிவந்து மோதுவதற்கு இடமிருக்காது. கீழே தடித்த நுரைப்பஞ்சில் குழாயின் வளைவுக்கு ஏற்ப வெட்டிய இரண்டு தொட்டில்கள் வேண்டும். மேலே குறுக்காக இரண்டு பட்டைகள் வேண்டும். அந்தப் பட்டைகளை வண்டியின் தரைச்சட்டத்தில் போல்ட் போட்ட வளையங்களில் மாட்டுங்கள், இருக்கையின் காலிலோ பிளாஸ்டிக் கொக்கியிலோ மாட்டாதீர்கள். குழாயைத் தாங்கும் அடிப்பெட்டி தனியாக, அதுவும் கட்டப்பட்டு இருக்க வேண்டும். ஐபீஸ்களுக்கு நுரைப்பஞ்சு வெட்டிய பெட்டி போதும். கட்டப்படாத ஒரு கிலோ பொருளும் விபத்து நேரத்தில் உங்கள் தலைக்கு வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் ஆடிகளின் நேர்ப்பாடு, அதாவது அவை ஒன்றையொன்று சரியாக நோக்கியிருக்கும் நிலை, சற்றே பிசகும். ஒவ்வொரு முறை இறக்கியதும், வெளிச்சம் இருக்கும்போதே சரிபாருங்கள். இருட்டிய பிறகு, பத்துப் பேர் சுற்றி நிற்க, ஆடித் திருகைத் திருப்பிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்து யாருக்கும் நன்றாக முடிந்ததில்லை. பெரிய ஆடியின் பின்புறத் திருகுகளில் வலுவான சுருள்வில் போட்டால் பிசகு வெகுவாகக் குறையும்.

அடுத்தது வெப்பம். வெயிலில் நின்ற வேனுக்குள் ஆடி சூடேறிப்போயிருக்கும். அதை வெளியே எடுத்த உடனே பார்த்தால், ஆடியின் முகத்திலிருந்து எழும் வெங்காற்றால் சனி தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். கருவி பழுது என்று மக்கள் நினைப்பார்கள். 200 மி.மீ. ஆடிக்கு ஒரு மணி நேரம் வரை ஆறவேண்டியிருக்கும், பெரியதற்கு அதற்கும் மேல். எனவே கதிரவன் மறையும் முன்பே இறக்கிவிடுங்கள். ஆடிக்குப் பின்னால் ஒரு சிறு மின்விசிறி வைத்தால் விரைவில் ஆறும்.

இதைவிட முக்கியமானது, குழாயின் இரு முனைகளும் எப்போதும் மூடியிருக்க வேண்டும். மூடாத ஆடியில் சன்னல் வழியாக வெயில் விழுந்தால், அது குவிகிற இடத்தில் துணியோ பஞ்சோ இருந்தால் தீப்பிடிக்கும். வண்டியில் ஆள் இல்லாத நேரத்தில் இது நடக்கும் என்பதால் சொல்கிறேன்.

மின்சாரத்துக்கு வண்டியின் சொந்த பேட்டரியைத் தொடாதீர்கள். நள்ளிரவில் வெளியூரில் வண்டி கிளம்பாமல் நின்றால் துணைக்கு யாரும் இருக்கமாட்டார்கள். தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்து, மின்விசிறி, பனிநீர் படியாமல் தடுக்கும் சூடேற்றிப் பட்டை, சிவப்பு விளக்கு ஆகியவற்றை அதில் இணையுங்கள்.

கடைசியாக, பலரும் மறக்கும் ஒன்று. கதவைத் திறந்தால் வண்டிக்குள் எரியும் வெள்ளை விளக்கை இணைப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். சாவிப் பொத்தானை அழுத்தினால் முன்விளக்கு மின்னும் வண்டிகளும் உண்டு. அதையும் அணைத்துவைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லொளி அவர்கள் சொன்ன அரை மணி நேரத்தை உங்கள் வண்டியே ஒரே நொடியில் அழித்துவிடக் கூடும்.

கரும்பலகை:

நான் பள்ளி ஆசிரியை. எங்கள் குழு மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் அவ்வப்போது வானம் காட்டுகிறது. கருவியைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். வரிசையைப் பற்றியும் பேச்சைப் பற்றியும் சொல்கிறேன்.

உங்கள் கருவியின் குவியத்தொலைவு, அதாவது ஆடி ஒளியைக் குவிக்கும் தூரம், 1200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கும் 10 மி.மீ. ஐபீஸ் 120 மடங்கும் பெரிதாக்கும். புவி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்வதால், 120 மடங்கில் ஒரு கோள், ஐபீஸில் தெரியும் வட்டமான பார்வைப்புலத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் நகர்ந்துவிடும். மோட்டார் இல்லாத கருவியில் இது பெரிய தொல்லை என்று முதலில் தோன்றும். நான் அதையே பாடமாக்கிக்கொண்டேன். கோளை நகரும் திசைக்கு எதிர் விளிம்பில் வைத்துவிட்டு, அது தானாக நடுவுக்கு வரும்வரை பார்க்கச் சொல்வேன். "நகர்வது சனி அல்ல, நீங்களும் நானும் இந்தத் தரையும்" என்று சொன்னால், பலர் ஐபீஸிலிருந்து கண்ணை எடுத்துக் காலடியைப் பார்ப்பார்கள். வகுப்பறையில் எத்தனையோ ஆண்டுகளாகப் புவிச் சுழற்சியை நடத்தியிருக்கிறேன். அதை உடலால் உணர்ந்தவர்களை நான் கண்டது இந்த வரிசையில்தான்.

ஒருவருக்கு முப்பது நொடி என்றால் அறுபது பேர் பார்க்க அரை மணி நேரம். மூன்று பேருக்கு ஒருமுறை மீண்டும் நடுவில் நிறுத்த வேண்டியிருக்கும். நிற்பவர்கள் சலிப்படையாமல் இருக்க வரிசையிலேயே பேச வேண்டும். ஆகவே இருவராகச் செல்லுங்கள், ஒருவர் கருவியிடம், ஒருவர் வரிசையில்.

என்ன பேசுவது என்று தனியாகக் கேளாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பார்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் சொல்லிவிடாதீர்கள். "வளையம் தெரிகிறதா?" என்று கேட்டால் தெரியாதவரும் தெரிகிறது என்பார். "என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பக்கத்தில் ஒரு சிறு புள்ளியும் இருக்கிறதே என்பார்கள். அது சனியின் பெரிய துணைக்கோளான டைட்டன் என்று சொல்லும்போது, அவர் கண்டுபிடித்ததற்கு நீங்கள் பெயர் மட்டும் கொடுக்கிறீர்கள். வியாழன் கிடைத்தால் இன்னும் நல்லது. 1610ஆம் ஆண்டு சனவரியில் கலிலியோ அடுத்தடுத்த இரவுகளில் கண்ட அதே நான்கு துணைக்கோள்களை அவர்களும் எண்ணிப் பார்க்கலாம். முன்னிரவில் வந்தவரை இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வரச்சொல்லுங்கள், அவற்றில் ஒன்றாவது இடம் மாறியிருப்பதை அவரே சொல்வார்.

நிலாவுக்கு முழுநிலா நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று வெளிச்சம் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாகத் தெரியும். வளர்பிறையில் அரைநிலாவை ஒட்டிய நாட்கள்தாம் சிறந்தவை. அப்போது கதிரவன் மறையும் நேரத்திலேயே நிலா உயரத்தில் இருக்கும், இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டில் மலைகளின் நிழல் நீண்டு கிடக்கும், நள்ளிரவு வாக்கில் மறைந்தும்விடும்.

பகலில் கதிரவனைக் காட்ட விரும்பினால், அதற்கென்றே தயாரிக்கப்பட்ட தரச்சான்று பெற்ற வடிப்பானைக் குழாயின் முன்வாயில், காற்றில் பறக்காதபடி இறுக்கமாகப் பொருத்த வேண்டும். ஐபீஸில் திருகும் பழைய வகைச் சூரிய வடிப்பான்கள் வெப்பத்தில் விரிசல் விடக்கூடியவை, அவற்றைத் தொடவே வேண்டாம். இலக்கைத் தேட உதவும் சிறு துணைத் தொலைநோக்கியான ஃபைண்டரைக் கழற்றிவிடுங்கள். கருவியை விட்டு ஒரு நிமிடமும் நகரக் கூடாது. இந்த நான்கில் ஒன்றை உங்களால் உறுதிசெய்ய முடியாவிட்டால் பகல் நிகழ்ச்சியே வைக்காதீர்கள்.

வான்வழி:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. ஆடித் திருகுகளுக்கு வலுவான சுருள்வில்கள் வாங்கிவிட்டேன், வளையங்களுக்கு இடம் குறித்துவிட்டேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. வானத்தில் இருப்பதைத் தானே தேடிப் படமெடுத்துத் திரையில் காட்டும் சிறிய மின்னணுத் தொலைநோக்கிகள் இப்போது வந்துவிட்டன. ஒளி மாசுள்ள இடத்திலும் ஓரியன் நெபுலா என்ற விண்முகிலின் நிறத்தை அவை காட்டுகின்றன. வேனில் அப்படி ஒன்று இருந்தால், பழைய ஆடி ஐயாவுக்கும் மெல்லொளி அம்மாவுக்கும் இடையிலான வழக்கு தீர்ந்துவிடுமே என்று தோன்றுகிறது. அடுத்து, பச்சை லேசர் குறிகாட்டி வைத்துக்கொள்ளலாமா?

பழைய ஆடி:

லேசரைப் பற்றி முதலில். 5 மில்லிவாட்டுக்கு மேற்பட்டதை வாங்காதீர்கள். விமானம் கண்ணில் படும்போது அந்தப் பக்கம் நீட்டவே கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். சில நாடுகளில் பொது இடத்தில் அதைப் பயன்படுத்தத் தடையே உண்டு, ஆகவே முதலில் சட்டத்தைப் பாருங்கள். கையை நீட்டிக் காட்டினாலும் மக்கள் புரிந்துகொள்வார்கள்.

திரையைப் பற்றி என் கருத்து கடுமையானது. அந்தக் கருவிகள் தரும் படம் அழகானது. ஆனால் அதைவிட அழகான படம் எல்லோருடைய கைப்பேசியிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஆந்திரமேடா விண்மீன் திரளை என் ஐபீஸில் பார்ப்பவருக்கு ஒரு மங்கிய வெண்பூச்சு மட்டுமே தெரியும். ஆனால் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட அந்த ஒளி முடிவடைவது அவருடைய விழித்திரையில். திரையில் பார்ப்பவரை அது தொடுவதில்லை. அந்த வேறுபாட்டைச் சொல்லிக் காட்டும்போது மக்கள் மீண்டும் வரிசையில் போய் நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஏழாம் மீன்:

இந்த உரையாடல் இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். நான் சக்கர நாற்காலியில் இயங்குபவள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வான்நோக்கு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். வரிசையில் நாற்பது நிமிடம் காத்திருந்து என் முறை வந்தபோது, ஐபீஸ் என் தலைக்கு மேல் இருந்தது. அங்கிருந்தவர்கள் நல்லவர்கள். என்னைத் தூக்கிப் பிடிக்கட்டுமா என்று கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். பிறகு ஒருவர் தன் கைப்பேசியில் அன்று எடுத்த படத்தைக் காட்டினார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆகவே திரை வேண்டும் என்று நான் வாதாடுவேன் என நீங்கள் நினைக்கலாம். இல்லை. பழைய ஆடி ஐயா சொன்ன அந்த 25 லட்சம் ஆண்டு ஒளி என் விழித்திரையிலும் முடிவடைய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அதற்கு வழி இருக்கிறது. பின்னர் நானே ஒரு கருவி வாங்கிப் பழகியதில் கற்றவை இவை. டாப்சோனியனில் ஐபீஸ் குழாயின் மேல்முனையில் இருப்பதால், இலக்கு உச்சியில் இருக்கும்போது ஐபீஸ் மிக உயரத்தில் இருக்கும். இலக்கு தொடுவானை நோக்கித் தாழத் தாழ ஐபீஸும் தாழும். உங்கள் 200 மி.மீ. கருவியில் முப்பது பாகை உயரத்தில் உள்ள கோளை நாற்காலியில் அமர்ந்தவாறே பலரால் பார்க்க முடியும். ஆகவே சனி உச்சிக்கு ஏறும் வரை காத்திருக்காதீர்கள். உயரத்தில் படம் கூர்மையாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் சற்றுக் கலங்கிய சனியும் சனிதான். இல்லையேல் ஒரு சிறிய ஒளிவிலகல் தொலைநோக்கியைக் கால்களைக் குறுக்கிய முக்காலியில் வைத்து, பார்வையை மடக்கித் தரும் கோண ஆடியைப் போடுங்கள். அந்த ஆடியைச் சுழற்றி ஐபீஸை யார் பக்கமும் திருப்பலாம். முக்காலியின் ஒரு கால் நாற்காலி வரும் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நாற்காலி நெருங்குவது இரண்டு கால்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில்தான்.

வேனை எங்கே நிறுத்துவது என்று இவ்வளவு பேசினீர்கள். புல்வெளியிலோ சரளைக்கல்லிலோ நிறுத்தாமல் கெட்டித்தரையில் நிறுத்தினால், என்னைப் போன்றவர்களும் கைத்தடி ஊன்றி நடப்பவர்களும் வர முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆடி:

ஏழாம் மீன் அம்மா, முப்பது ஆண்டுகளாகக் கருவியை நிமிர்த்தி வைத்து உச்சி வானத்தையே காட்டி வந்திருக்கிறேன். முப்பது பாகையில் காட்டினால் யார் யார் பார்த்திருப்பார்கள் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. இனி மாற்றிக்கொள்கிறேன்.

மெல்லொளி:

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் அழைக்கும் இருண்ட வெளிகள் எல்லாமே மேடுபள்ளமானவை. கெட்டித்தரையும் இருட்டும் சேர்ந்த இடங்களைத் தேடத் தொடங்குகிறேன். திரையைப் பொறுத்தவரை, கண்பார்வை மிகவும் குறைந்தவர்களுக்கு அது உண்மையிலேயே பயன்படுகிறது என்பதால் முற்றாகத் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. ஐபீஸ் வரிசையிலிருந்து தள்ளி, சிவப்புத்தாள் ஒட்டிய மங்கலான திரையாக இருந்தால் மற்றவர்களின் கண்ணையும் கெடுக்காது. படத்தின் நிறம் போய்விடும் என்பீர்கள், ஆனால் வடிவம் இருக்கும்.

வான்வழி அவர்களுக்கு இன்னொரு செய்தி. கலிலியோமொபில் என்ற குழு 2009இல், சர்வதேச வானியல் ஆண்டின்போது, சிலி, பொலிவியா, பெரு நாடுகளின் ஆண்டிஸ் மலைப்பகுதிப் பள்ளிகளுக்குத் தொலைநோக்கிகளுடன் சாலை வழியாகவே பயணம் செய்தது. வானியல் வந்துசேராத இடங்களைத் தேடிப்போவதே அவர்கள் நோக்கம். இருண்ட வானம் அந்த ஊர்க்காரர்களிடம் ஏற்கெனவே இருந்தது, தொலைநோக்கிதான் இல்லை. நகரத்தில் நிலைமை தலைகீழ். உங்கள் வேன் இரண்டு பக்கமும் போகலாம்.

வான்வழி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் பயணம் முடிந்தது.

உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, நூலகம் ஒன்றின் முன்னால் உள்ள கெட்டித்தரையில் வேனை நிறுத்தினேன். நான்கு சக்கரம் அவர்கள் சொன்னபடி மாலையிலேயே இறக்கி நேர்ப்பாட்டைப் பார்த்தேன். சுருள்வில் மாற்றியும் சற்றே பிசகியிருந்தது, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. வளர்பிறை எட்டாம் நாள். முதல் இரண்டு மணி நேரம் மேகம் வந்து வந்து போனது, அதனால் வரிசை கலைந்து கலைந்து சேர்ந்தது. மேகம் மூடியிருந்த நேரத்தில் என் நண்பர் ஆடியை எல்லோருக்கும் திறந்து காட்டினார். அதில் தங்கள் முகம் தலைகீழாகத் தெரிவதைப் பார்க்கச் சிறுவர்கள் முண்டியடித்ததால், மேகம் விலகிய பிறகும் சிலர் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

ஒரு முதியவர் நிலாவைப் பார்த்துவிட்டு, உள்ளே படம் ஒட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். குழாயின் வாயைக் கையால் மூடிக் காட்டலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஆசிரியை அம்மா எழுதியது நினைவுக்கு வந்தது. கருவியைத் தொடாமல், "நீங்களே பார்த்துக்கொண்டிருங்கள் ஐயா" என்று மட்டும் சொன்னேன். நிலா மெல்ல நகர்ந்து விளிம்பைத் தாண்டி வெளியே போய், பார்வைப்புலம் கறுப்பாகும் வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு கருவியை எப்படித் தள்ளுவது என்று கேட்டுக்கொண்டு, நிலாவைத் தானே திரும்பக் கொண்டுவந்தார். அதன்பின் அரை மணி நேரம் வரிசைக்கு நிலாவைப் பிடித்துக்கொடுத்தவர் அவரே.

சனி கிழக்கே எழுந்து மரங்களை விட்டு விலகியதும், ஏறத்தாழ இருபத்தைந்து பாகை உயரத்தில் காட்டினேன். உண்மையாகவே நெளிந்தது. 2025இல் வளையம் பக்கவாட்டில் திரும்பி மெலிந்து, இப்போதுதான் விரியத் தொடங்கியிருப்பதால், படங்களில் பார்த்த அகன்ற வளையத்தை எதிர்பார்த்து வந்த இருவருக்குச் சிறிய ஏமாற்றம். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படி மெலியும் என்று விளக்கியபோது, அடுத்த முறை தனக்கு எத்தனை வயது இருக்கும் என்று ஒரு பையன் கணக்குப் போடத் தொடங்கினான். சக்கர நாற்காலியில் யாரும் வரவில்லை. ஆனால் கைத்தடியுடன் வந்த ஒரு பாட்டி நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்தார், எழுந்திருக்க மனமில்லாமல் இரண்டு முறை பார்த்தார்.

குறை ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நிலாவே எட்டவில்லை. ஒரு சிறிய படிக்கட்டை வைத்திருந்தேன். இருட்டில் அதில் ஏறியதும் அவர்கள் பிடிமானத்துக்குக் குழாயையே பிடித்தார்கள், நிலா ஓடிப்போயிற்று. ஒவ்வொரு குழந்தைக்கும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டவர்கள் இருந்தால் எப்படிப் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த வளர்பிறை ஆறாம் நாள் மீண்டும் கிளம்புகிறேன். இம்முறை இரண்டு இரவுகள்: முதல் இரவு ஒரு பேருந்து நிலையத்தின் பக்கத்தில், மறுநாள் அங்கே பெயர் கொடுத்தவர்களில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மெல்லொளி அம்மா காட்டிய இடத்துக்கு. அரைநிலா நள்ளிரவை ஒட்டி மறைந்த பிறகுதான் அங்கே பால்வீதிக்கான இருட்டு கிடைக்கும் என்பதைச் சொல்லித்தான் பெயர் வாங்கப்போகிறேன்.

நான்கு சக்கரம்:

ஆறு பேரை ஏற்றுவதென்றால் கழற்றிய இருக்கைகளைத் திரும்பப் பொருத்துங்கள், ஒவ்வொன்றுக்கும் இடுப்புப் பட்டை இருக்க வேண்டும், கருவிக்கும் ஆட்களுக்கும் நடுவே தடுப்பு ஒன்று வேண்டும். வண்டியின் காப்பீடு பயணிகளையும் உள்ளடக்குகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படிக்கட்டுக்கு, குழந்தையின் நெஞ்சளவு உயரத்தில் குறுக்குக் கம்பி ஒன்று போட்டேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கும்படி, குழாய்க்கும் குழந்தைக்கும் இடையில் அது வர வேண்டும். பக்கவாட்டில் போட்டால் ஒரு கை குழாய்க்குப் போய்விடும். படிகளின் விளிம்பில் இருட்டில் ஒளிரும் ஒட்டுநாடாவும் ஒட்டுங்கள். படிக்கட்டின் கால்களில் ரப்பர் மாட்டி, வேனின் பக்கவாட்டுக் கதவருகே ஒரு பட்டையில் தொங்கவிட்டால் முதலில் இறக்கவும் கடைசியில் ஏற்றவும் எளிதாக இருக்கும்.